நடுக்கம் இல்லாமல் பறக்க

செப்டம்பர் 18, புதன்

இன்று மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். படுக்கையறைக் கூரையில் ஒரு கொக்கி மாட்டினேன், அவ்வளவுதான். டிரில் சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

"மாப்ள, அது எதுக்கு?"

"சும்மாதான் அத்தை. ஏதாவது தொங்க விடலாம்னு."

"என்னத்தத் தொங்க விட? கழட்டுங்க மொதல்ல. எல்லாம் நல்லபடியா முடியுததுக்கு முன்னால ஒரு துணி, ஒரு சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. கொக்கியும் சாமான்தான்."

கழற்றிவிட்டேன். ஓட்டை மட்டும் இருக்கிறது. ஆவுடை கட்டிலில் படுத்தபடி, தன் அம்மாவிடம் நான் வாங்குவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே தையல் போட்டிருக்கிறார்கள். சிரிக்கக் கூடாதென்று டாக்டரம்மா சொல்லவில்லையே என்கிறாள்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: மார்கழி வரைக்கும் கட்டில். குளியலறைக்கு மட்டும் எழுந்து போகலாம். மாடிப்படியைக் கனவிலும் நினைக்கக் கூடாது. நாங்கள் இருப்பது முதல் மாடி. கீழே என் மூக்குக்கண்ணாடிக் கடை. ஆகவே ஆவுடைக்கு இனி உலகம் என்பது ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வேலாயுதம் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்கு அப்பால்தான் பெரிய குளம். தொட்டி மொத்தத்தையும் மறைக்கிறது. வேலாயுதம் நாசமாய்ப் போக.

செப்டம்பர் 22, ஞாயிறு

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எதையாவது செய்ய வேண்டும். எதையும் வாங்கக் கூடாது என்றால் நான் என்னதான் செய்வது? போன வாரம் ஆர்டர் போட்ட பெட்டி இன்று வந்தது. நான்கு மோட்டார், நான்கு விசிறி, கார்பன் சட்டம், பேட்டரி, ரிமோட், எல்லாவற்றுக்கும் மூளையாக ஒரு சின்னப் பலகை. சேர்த்தால் குவாட்காப்டர், அதாவது ட்ரோன். நாமே பூட்டி, நாமே பழக்கி, நாமே பறக்கவிட வேண்டும்.

பெட்டியை அத்தைதான் முதலில் பிரித்தார். உள்ளே கவுன் ஏதாவது ஒளித்து வைத்திருப்பேன் என்று சந்தேகம்.

"இது என்ன மாப்ள, பொம்மையா?"

"பொம்மை இல்லத்தை. பெரியவங்க பறக்க விடுறது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "பெரியவங்களுக்குன்னா சரி" என்று அனுமதி கொடுத்தார்.

செப்டம்பர் 25, புதன்

பற்றவைப்பு வேலை முழுவதையும் கடையில் வைத்தே முடித்தேன். ஈயப் புகை ஆவுடை பக்கம் போகக் கூடாது. கண்ணாடிச் சட்டத்தில் எறும்புத் தலை அளவு திருகாணி போடுகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று இறங்கினேன். விரலில் இரண்டு கொப்புளம். போஸ்ட் மாஸ்டரின் வெள்ளெழுத்துக் கண்ணாடி இன்றும் தயாராகவில்லை. அவர் பேசிய பேச்சை எழுத விரும்பவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

சாயங்காலம் மொட்டை மாடியில் முதல் முயற்சி. விசையைக் கொஞ்சமாக ஏற்றினேன். எழும்பும் என்று பார்த்தால், காலை வாரிவிட்ட மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி மல்லாந்து விழுந்தது. மூன்று தடவை. மூன்று தடவையும் அதே பக்கம்.

கீழே கட்டிலிலிருந்து போன் வந்தது.

"கவுந்துட்டா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தலைக்கு மேலதான கவுக்கீங்க. ரெண்டு மோட்டார் ஒரு பக்கமும் ரெண்டு மறுபக்கமும் சுத்தணுமாம். போட்டிருக்கான். நீங்க எத்தனைய எப்படிப் போட்டீங்க?"

படுத்தபடியே போனில் எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறாள். இறங்கி வந்து பார்த்தேன். ஒரு மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதன் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். அதோடு சரியானது. கெட்டிக்காரிதான், ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 2, புதன்

எழும்புகிறது. ஆனால் நிற்கவில்லை. குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி போகிறது. ஆவுடை இப்போது தலைமைப் பொறியாளர் ஆகிவிட்டாள். மடியில் லேப்டாப், அதில் கேபிள், கேபிள் முனையில் விசிறி கழற்றிய குவாட். எண்களை அவள்தான் போடுகிறாள். நான் மேலே கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

இன்று எனக்கும் அத்தைக்கும் வகுப்பு எடுத்தாள். "மூணு நம்பர். பி, ஐ, டி. பிங்கிறது எங்கம்மா மாதிரி. லேசாச் சாஞ்சாலே பதறிப் போய் நிமித்தும். கொஞ்சம் கூடிட்டுன்னா நிமித்தி நிமித்தியே நடுங்க வச்சிரும். டி வந்து டாக்டரம்மா. பதட்டத்துக்கு பிரேக்கு. ஐ வந்து நானு. ஒரே பக்கமாக் காத்து தள்ளிக்கிட்டே இருந்தா, பொறுத்துப் பொறுத்துப் பாத்து மெதுவா இழுத்து நேரா நிப்பாட்டும்."

"அப்ப நான் யாரு?" என்று கேட்டேன்.

"நீங்களும் பிதான். எங்கம்மாவவிடக் கூட. நேத்து நான் தும்முனதுக்குப் படியில விழுந்து எந்திரிச்சு ஓடி வந்தீங்கள்ல?"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தன்னைத்தான் முதலில் சொன்னாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அக்டோபர் 6, ஞாயிறு

குவாட்டைத் தொடவில்லை. ஆவுடை கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முந்தைய இரண்டு தடவையும் கைவிட்டுப் போனது இந்த வாரத்தில்தான்.

அக்டோபர் 7, திங்கள்

கடை திறக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

வாரம் தாண்டிவிட்டது. மத்தியானம் அத்தை பாயசம் வைத்தார். என்ன விசேஷம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் மூன்று டம்ளர் குடித்தேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஆவுடை பி-யைக் கொஞ்சம் குறைத்து, டி-யைத் துளி ஏற்றிக் கொடுத்திருந்தாள். இடுப்பு உயரத்தில் எழும்பியது. விசையை ஏற்றாமல் இறக்காமல் பிடித்தேன். அப்படியே நின்றது! காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். வேலாயுதம் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடையில் கண்ணாடி அறுக்கும் மெஷின், பவர் பார்க்கும் கருவி, ஸ்கூட்டர், பழைய கார், வீட்டில் கிரைண்டர், தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். அத்தை குவாட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "இதுவும் ஆயுதம்தான மாப்ள?" நான்கு விசிறிக்கும் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சூடம் காட்டும்போது ஆவுடை கட்டிலிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. நானும் கும்பிட்டேன், கொஞ்சம் அதிக நேரம்.

அக்டோபர் 13, ஞாயிறு

நடுங்குகிறது. புதன்கிழமை ஆணி அடித்து நின்ற அதே குவாட். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. குளிர் காய்ச்சல் வந்தது போல உதறுகிறது. இறக்கித் தொட்டுப் பார்த்தால் மோட்டார் கொதிக்கிறது.

அக்டோபர் 16, புதன்

பி-யைக் குறைத்தாள். நடுங்குகிறது. டி-யை ஏற்றினாள். மோட்டார் இன்னும் சூடு. மறுபடி குறைத்தாள். மறுபடி நடுக்கம். எல்லாத் திருகாணியையும் இறுக்கினேன். மூளைப் பலகைக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்தேன். அதே நடுக்கம்.

அக்டோபர் 20, ஞாயிறு

"தூக்கிக் குப்பைல போட்டுருவேன்" என்று கத்திவிட்டேன். ஆவுடை முகம் சுருங்கிப் போனது. "என் தலைக்கு மேல நாள்பூராக் கேக்குத ஒரே சத்தம் அதுதான். அதையும் நிப்பாட்டிட்டா நான் எதைக் கேக்க?" என்றாள். தப்பு என்னுடையதுதான். சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு முறுக்கு வாங்கி வந்து சமாதானம் செய்தேன். உப்பு ஆகாது என்று முறுக்கை அத்தை பறிமுதல் செய்துவிட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும்.

காலையில் குவாட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடை, விசிறி ஒன்றை விரலால் சுண்டினாள். சுற்றி வந்து ஒரே இடத்தில் கனத்துத் தொங்கி நின்றது. மறுபடி சுண்டினாள். மறுபடி அதே இடம்.

"ஏங்க, பூசைக்கு வச்ச சந்தனம் இன்னும் இப்படியே இருக்கே."

"ஆமா."

"ஒரு றெக்கைல காஞ்சு உதிந்திட்டு. இன்னொண்ணுல மொத்தையா இருக்கு. கனம் கோணலாப் போனா நடுங்காம என்ன செய்யும்? இத்தனை நாளா இதைத் துடைச்சே பாக்கலியா?"

நான் குவாட்டை வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"கண்ணாடி துடைக்கவரு நீங்க. ஒரு விரல் ரேகை இருந்தாத் தாங்க மாட்டீங்க. இது கண்ணுல படலயா?"

"பட்டுது."

"பெறவு?"

"சாமிக்கு வச்சது. இப்பப் போயி அதை எப்படி அழிக்க?"

உண்மையில் நான் அதைத் துடைக்கவில்லை என்பது மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவை விசிறியைக் கழற்றும்போதும் பொட்டு அழியாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் கழற்றினேன். திருகாணியைக் குறை சொன்னேன், மோட்டாரைக் குறை சொன்னேன், கம்பெனிக்காரனைத் திட்டினேன். பொட்டின் மேல் மட்டும் கை போகவில்லை. ஆவுடை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு உதை. நல்ல பலமான உதை.

அத்தையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏ மாப்ள, கிரைண்டர்ல வச்சது மறுநாளே மாவோட போயிட்டு. ஸ்கூட்டர்ல வச்சது மழைல போயிட்டு. சாமி கோவிச்சுக்கிட்டா? இங்க கொண்டாங்க." முந்தானையை நனைத்து நான்கு விசிறியையும் அவரே துடைத்துக் கொடுத்தார்.

ஆவுடை எண்களை முன்போலப் போட்டுக் கொடுத்தாள், சாயங்காலம் பறக்கவிட்டேன். பழையபடி ஆணி அடித்து நின்றது. மோட்டார் சில்லென்று இருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிக்குப் பயந்து குவாட் பெட்டிக்குள். இனிப்புக்குப் பயந்து நான் கடைக்குள். அத்தை விடவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சின்ன கேமரா ஒன்றை முன்னால் பொருத்தினேன். அது அனுப்பும் படத்தைப் பார்க்க எனக்கு உள்ளங்கை அளவு திரை. ஆவுடைக்குக் கண்ணில் மாட்டிக்கொள்கிற பெரிய கண்ணாடி. கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டிக்கு இதைவிட எடுப்பான கண்ணாடி யார் கொடுக்க முடியும்? கேமரா கனத்தில் குவாட் மூக்கைக் குனிந்துகொண்டது. பேட்டரியைப் பின்னால் நகர்த்திக் கட்டினேன். ஐ-யைக் கொஞ்சம் ஏற்றினாள். சரியாகிவிட்டது.

முதல் படம் எங்கள் மொட்டை மாடியும், கொடியில் காயும் என் பனியனும். "எத்தனை ஓட்டை!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. மூன்று நாளாக விடவில்லை. பறக்க வழியில்லை. ஆவுடைக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா பரவாயில்லை என்கிறார். நான் பரவாயில்லை என்று இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பி குறைகிறது என்கிறாள் ஆவுடை.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்றிலிருந்து பேய் மழை. பெரிய குளம் நிறைந்து வழிந்து இன்று காலை மறுகால் பாய்கிறது. ஊரே குடை பிடித்துக்கொண்டு கரைக்குப் போகிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து வேலாயுதத்தின் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான வருசம் பாத்தது. பெறவு தண்ணி இவ்வளவு வரவே இல்ல" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மழை மட்டும் விடட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

(ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.)

காலையில் மழை விட்டது. காற்றும் அதிகமில்லை. குவாட்டை மாடியில் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டார். வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும் என்று நான்கு தடவை சொல்லி அனுப்பினேன். நான் கட்டில் பக்கத்தில் ரிமோட்டும் சின்னத் திரையுமாக. ஆவுடை மூன்று தலையணையில் சாய்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயார்.

எழுப்பினேன். வேலாயுதத்தின் தொட்டிக்கு மேலே போனோம். மூடி இல்லை, உள்ளே ஒரு பந்து மிதக்கிறது. அதையும் தாண்டினோம். வாழைத் தோட்டம், ரோடு, வரிசையாக நிறுத்திய பைக்குகள். அப்புறம் தண்ணீர்.

"அய்யோ" என்றாள். சந்தோஷமான அய்யோ. கரையை முட்டிக்கொண்டு தண்ணீர். மறுகால் பக்கம் வெள்ளையாக விழுந்து நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. கரை நிறைய ஜனம். "அந்தா போஸ்ட் மாஸ்டரு! கண்ணாடி போட்டிருக்காரு. குடுத்திட்டீங்களா?" "அந்தா ஐஸ் வண்டி. மழையில யாரு ஐஸ் தின்பா?" "இன்னும் கொஞ்சம் கீழ. இன்னும் கொஞ்சம். தண்ணிக்கு மேல நில்லுங்க, அப்படியே நில்லுங்க."

நிறுத்தினேன். மறுகாலுக்கு நேர் மேலே காற்று தள்ளுகிறது, ஆனால் குவாட் அசையவில்லை. இவ்வளவு நாள் பாடுபட்டது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

பிறகு அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. பிடி இறுகியது.

"ஏங்க. தண்ணி போவுது."

"ஆமா, நல்லாப் போவுது."

"அங்க இல்லங்க. எனக்கு."

ரிமோட்டை எங்கே போட்டேன் என்று தெரியாது. கார் சாவியைத் தேடி அடுத்த அறைக்கு ஓடினேன். பின்னாலிருந்து ஆவுடை கத்தினாள்: "ஏங்க, குளத்துக்குள்ள போயிட்டு! மீன்கூடத் தெரியுது!" வலிக்கு நடுவில் சிரிக்கிறாள். மாடியிலிருந்து அத்தை: "மாப்ள, விழுந்திட்டு! மாப்ள, சாமான் தண்ணிக்குள்ள விழுந்திட்டு!"

"விழட்டும் அத்தை, கீழ வாங்க!"

மாடிப்படியில் நடக்கவே கூடாதே. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். வேலாயுதம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஆவுடையை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் முன்கால், நான் பின்கால், ஒவ்வொரு படியாக இறக்கினோம். அவரைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். எங்கள் கையில் நாற்காலி துளிகூட ஆடவில்லை என்று அத்தை சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

நாள் இன்னும் நிறையவில்லை. டாக்டரம்மா உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகிறது. கதவு திறக்கவில்லை. வேறு என்ன எழுத?

டிசம்பர் 16, திங்கள்

அதிகாலையில் கதவு திறந்தது. ஆவுடை நன்றாக இருக்கிறாள். எங்கள் கையில் தரவில்லை, சூடான பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நாளைக்குச் சொல்கிறோம் என்கிறார்கள்.

டிசம்பர் 19, வியாழன்

மத்தியானம் நர்ஸ் வந்து, "அப்பா யாரு? சட்டையக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். பெட்டியிலிருந்து எடுத்தாச்சாம். மூச்சு நன்றாக இருக்கிறதாம். அம்மாவுக்கு இன்னும் தூக்கம் வேண்டும், அதுவரைக்கும் நெஞ்சுச் சூட்டில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, என் நெஞ்சின் மேல் வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினார். "ஆடாம அசையாம இருக்கணும் சார். முடியுமா?"

இருந்தேன். இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டேன். மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தது, உட்காரட்டும் என்று விட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கழுத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. என் நெஞ்சில் ஒரு சின்ன வாய் எதையோ தேடி, கிடைக்காமல், கொட்டாவி விட்டுத் தூங்கிப் போனது. இதற்கு முன் இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கண் விழித்த ஆவுடை பக்கத்துக் கட்டிலிலிருந்து ரொம்ப நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "எழுதி வைங்க" என்றாள். "இன்னைக்காவது அந்த வார்த்தைய எழுதுங்க."

எழுதுகிறேன். எங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெண் குழந்தை.